நிர்வாகத்தின் கண் எதுவரை செல்லலாம்?

(ஆபீஸ் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலை வாசலில் தொழிலாளியின் மடியைச் சோதித்த நிர்வாகம், இன்று ஆபீஸ் ஊழியர் கம்ப்யூட்டரில் எழுதும் செய்திகளைச் சோதிக்கிறது. இதற்கு எல்லை உண்டா? ருமேனியா நாட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறோம்.

புக்காரெஸ்ட் நகரத் தனியார் கம்பெனியில் ஒரு விற்பனைப் பொறியாளர். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்குத் திறக்கச் சொன்னதே கம்பெனிதான். 2007 ஜூலை 5 முதல் 13 வரை அதை நிர்வாகம் கண்காணித்தது. "சொந்தக் காரியத்துக்கு உபயோகித்தாய்" என்றது. அவர் மறுத்தார். உடனே 45 பக்கங்களை நீட்டினார்கள். சகோதரருடனும் மணக்கவிருந்த பெண்ணுடனும் அவர் பேசிய அந்தரங்கமெல்லாம் அதில் இருந்தது! ஆகஸ்ட் 1ல் வேலை போயிற்று.

ருமேனியக் கோர்ட்டுகள் கைவிட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016 ஜனவரியில், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், உரிமை மீறல் இல்லை என்றது. அவர் விடவில்லை. மேல் அமர்வில் ஐரோப்பியத் தொழிற்சங்க சம்மேளனமும் தன் கருத்தைச் சமர்ப்பித்தது. 2017 செப்டம்பர் 5ல், 17 நீதிபதிகளில் 11 பேர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

கண்காணிப்பே கூடாது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. முன்கூட்டித் தெரிவித்தாயா? எவ்வளவு பார்த்தாய்? செய்தியையே படிக்கத் தக்க காரணம் என்ன? வேறு வழி இல்லையா? இப்படிக் கேட்டது. சொந்த உபயோகம் கூடாதென்ற விதி அவருக்குத் தெரியும். ஆனால் செய்திகளையே படிப்பார்கள் என்று யாரும் முன்னதாகச் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்தது பத்தாண்டு கழித்து. மனவேதனைக்கு நஷ்டஈடு ஒரு காசும் இல்லை. தீர்ப்பே போதிய பரிகாரமாம்!

இங்கே நிலைமை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் நம் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். ஆனால் 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தின் 7வது பிரிவு, வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் வேண்டாம் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதல்லவா இது?

ஆகவே தோழர்களே, வேலை போன பிறகு கோர்ட்டுப் படி ஏறுவதைக் காட்டிலும், இப்போதே கேட்போம். எதைப் பார்க்கிறீர்கள், ஏன், யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தரட்டும். சம்பளக் கோரிக்கையோடு இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். எட்டு மணி நேர உழைப்பைத்தான் விற்கிறோம். நம் குடும்பத்தின் பேச்சை அல்ல!