ஆங்கிலப் பிழை திருத்தம்: நம் பிள்ளைகளுக்கு எட்டாத கனி அல்ல

(மரக்காணத்தில் நமது அறக்கட்டளை நடத்திய போட்டித் தேர்வு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நம் பகுதியில் தை பிறந்தால் உப்பளத்தில் வேலை தொடங்குகிறது. ஐப்பசி மழை இறங்கினால் நின்றுவிடுகிறது. பாத்தியில் உப்பு வாருபவர், மூட்டை ஏற்றுபவர், லாரி ஓட்டுபவர், இவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர், யாருக்கும் அந்த மழை மாதங்கள் எப்படிப் போகும் என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் வந்தால் அந்தக் குடும்பம் நிமிர்ந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் எழுதக்கூடிய மத்திய அரசுத் தேர்வு ஒன்று இருக்கிறது. எஸ்.எஸ்.சி. எனப்படும் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எம்.டி.எஸ். தேர்வு அது. அந்தப் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், படிகள் தனி. முன்பு இதன் கொள்குறி வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. 2023 முதல் தமிழிலும் எழுதலாம். துணை ராணுவக் காவலர்களுக்கான ஜி.டி. தேர்வும் 2024 முதல் தமிழில் நடக்கிறது.

இதைக் கேட்டதும், "தமிழில் வந்துவிட்டதே, இனி ஆங்கிலம் எதற்கு?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். அங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். கணக்கு, திறனறிவு, பொது அறிவு எல்லாம் தமிழில் வரும். ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான் வரும்.

எம்.டி.எஸ். தேர்வில் இரண்டு அமர்வுகள். முதல் அமர்வில் கணக்கும் திறனறிவும். அதில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால் போதும். தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பது இரண்டாம் அமர்வை மட்டுமே. அதில் பொது அறிவு 25 கேள்வி, 75 மதிப்பெண். ஆங்கிலம் 25 கேள்வி, 75 மதிப்பெண். அதாவது வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பதில் சரிபாதி ஆங்கிலத்தின் கையில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் அந்தப் பாதியைக் கைகழுவிவிட்டு வருகிறார்கள். இதை நாம் மாற்ற வேண்டும்.

ஆங்கிலப் பகுதியில் நம் பிள்ளைகள் அதிகம் அஞ்சுவது பிழை திருத்தக் கேள்விகளைத்தான். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒரு பகுதிக்கு அடிக்கோடிட்டு, அதற்குப் பதிலாக வரக்கூடியவற்றைக் கீழே கொடுப்பார்கள். 'மாற்றம் தேவையில்லை' என்பதும் அதில் ஒன்றாக இருக்கும். அல்லது வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள்.

"வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்குத்தான் இது வரும்" என்ற எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் யார் அரபு பேசுகிறார்கள்? ஆனாலும் மதரஸாவில் எட்டு வயதுப் பிள்ளை எந்த எழுத்தை நீட்ட வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று சரியாகச் சொல்கிறது. காரணம், உஸ்தாத் விதியைச் சொல்லித் தந்து, தவறும் இடத்தில் நிறுத்தித் திருத்துகிறார். பிழை திருத்தக் கேள்வியும் அப்படித்தான். காதுக்கு எது நன்றாக ஒலிக்கிறது என்று பார்ப்பவர் ஏமாறுவார். விதியை வைத்துச் சோதிப்பவர் பிழைத்துக்கொள்வார். அந்த விதிகளும் கடல் போல இல்லை. திரும்பத் திரும்ப வருபவை சிலதான். அவற்றில் பல, நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வருபவை.

முதல் சோதனை, வினைச்சொல்லும் அதன் எழுவாயும். 'சிறுவர்களில் ஒருவன் வந்தார்கள்' என்று தமிழில் யாரும் சொல்ல மாட்டோம். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹேவ் கம்' என்பதும் அதே பிழைதான். வந்தவன் ஒருவன், ஆகவே 'ஹேஸ் கம்'. பக்கத்தில் நிற்கும் 'பாய்ஸ்' நம்மை ஏமாற்றப் பார்க்கிறது.

இன்னொன்றைப் பாருங்கள். 'தி பேக்ஸ் ஆஃப் சால்ட் வாஸ் கெப்ட் இன் தி ஷெட்.' நம் பிள்ளைக்கு இது சரியாகவே தோன்றும். ஏனென்றால் பேச்சில் நாம் 'மூட்டைங்க வந்துச்சு' என்கிறோம். அஃறிணை பலவாக இருந்தாலும் ஒருமையில் முடிக்கிறோம். ஆங்கிலம் அதை ஒப்புக்கொள்ளாது. வைக்கப்பட்டவை மூட்டைகள், ஆகவே 'வேர் கெப்ட்'. வாக்கியத்தைப் படித்ததும் வினைச்சொல்லைச் சுற்றி வட்டம் போடுங்கள். இதைச் செய்தது யார், அது ஒன்றா பலவா என்று கேளுங்கள். நடுவில் உள்ள சொற்களை விரலால் மூடிக்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது சோதனை, காலம். 'நேற்று வந்திருக்கிறார்' என்று தமிழில் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்றால் மதிப்பெண் போய்விடும். நேற்று, போன வருடம், 2019இல் என்று முடிந்த காலம் வெளிப்படையாக இருந்தால் 'ஹேஸ்', 'ஹேவ்' வராது. 'ஹி கேம் யெஸ்டர்டே' என்பதே சரி. அதேபோல 'பத்து வருஷமா இங்கே வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று ஆக்கினால் இரண்டு பிழை. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. எப்போது தொடங்கியது என்று சொன்னால் 'சின்ஸ்'. எவ்வளவு காலம் என்று சொன்னால் 'ஃபார்'.

மூன்றாவது சோதனை, வேண்டாத சொல். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே 'அபவுட்' தேவையில்லை. 'ரிட்டர்ன்' என்றாலே திரும்புவதுதான், 'பேக்' வேண்டாம். 'பெட்டர்' இருக்கும்போது 'மோர்' வேண்டாம். 'ஆல்தோ' என்று தொடங்கினால் நடுவில் 'பட்' வராது.

நான்காவது சோதனை, சிறு சொற்கள். 'அன் ஹவர்', 'எ யூனிவர்சிட்டி'. எழுத்தைப் பார்க்காமல் அதன் ஒலியைப் பாருங்கள். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'எஸ்' ஒட்டாது. 'சீனியர்', 'ஜூனியர்' என்றால் பின்னால் 'டு' வரும், 'தேன்' வராது.

இந்த நான்கையும் வரிசையாகச் சோதித்த பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும். விடைகளை முதலில் படித்தால் நான்கும் சரி போலத் தோன்றும். விடைகளுக்குள் எது எதில் வேறுபடுகிறது என்று பாருங்கள். இரண்டில் 'வாஸ்', இரண்டில் 'வேர்' என்றால் கேள்வி ஒருமை பன்மையைப் பற்றியது என்று பிடிபட்டுவிடும். இரண்டு விடைகள் ஒரே அடியில் விழுந்துவிடும். தேர்ந்தெடுத்ததை வாக்கியத்தில் வைத்து முழுவதும் ஒருமுறை படித்துவிட்டு அழுத்துங்கள். நான்கு சோதனையிலும் பிழை தெரியவில்லை என்றால் 'மாற்றம் தேவையில்லை' என்பதைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். பிழை இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்து, சரியான வாக்கியத்தைக் கெடுப்பவர்கள் பலர்.

தெரியாத கேள்வியை என்ன செய்வது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் அமர்வில் சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறுக்கு 1 மதிப்பெண் பிடிப்பார்கள். நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சராசரியாக ஒன்று சரியாகும்: 3 வரும். மூன்று தவறாகும்: 3 போகும். மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்கிவிட்டால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படி இரண்டு கேள்விக்கு விடையளித்தால் சராசரியாக 3 வந்து 1 போகும்; 2 மிச்சம். ஆகவே ஒன்றையும் நீக்க முடியாத கேள்வியில் நேரம் செலவிடாமல் கடந்து போங்கள். இரண்டை நீக்க முடிந்தால் துணிந்து அடியுங்கள். அந்த அமர்வில் 50 கேள்விக்கு 45 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

மாணவச் செல்வங்களே, ஒரு பிழை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய தேர்வுத் தாள்களிலிருந்து நாளைக்குப் பத்துக் கேள்வி செய்தால் போதும். தவறிய கேள்வியை அதில் எழுதி, ஏன் தவறு என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். விடையை மட்டும் எழுதினால் அந்த ஒரு கேள்வி மட்டும்தான் தெரியும். காரணத்தை எழுதினால் அதே வகைக் கேள்வி எப்படி வந்தாலும் பிடித்துவிடுவீர்கள். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் உள்ள நேரம் இதற்கு நல்ல நேரம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். இரவில் அந்த நோட்டை எடுத்துவரச் சொல்லி, "இது ஏன் தப்பு? எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், அதற்குப் புரிந்துவிட்டது என்று பொருள். திணறினால், மறுநாள் திரும்பப் படிக்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தப் பாடத்தை நடத்தலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தேர்வுக்குக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கு அதுவும் கிடையாது. விண்ணப்பிக்கும்போது புதுச்சேரியைத் தேர்வு மையமாகக் கேட்கலாம். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளை, அத்தாவோ அண்ணனோ உடன் சென்று அழைத்து வந்தால் ஒரே பகலில் எழுதித் திரும்பிவிடலாம். அந்த ஒரு நாள் துணைக்கு ஆள் இல்லை என்பதற்காக அவளுடைய படிப்பு வீணாகிவிடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் அறிவிக்கை வந்ததும் வயது வரம்பையும் கடைசித் தேதியையும் நீங்களே படித்துப் பாருங்கள். படிக்க இயலாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை இலவசமாக நிரப்பித் தருகிறோம்.

உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி, வெயிலில் காய விட்டுக் காத்திருக்கிறோம். அவசரப்பட்டால் உப்பு விளையாது என்பது நமக்குத் தெரியும். இந்தப் படிப்புக்கும் அந்தப் பொறுமை போதும். வரும் மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒரு பிழை நோட்டாவது தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் அந்த 75 மதிப்பெண்ணில் தங்கள் பங்கை எடுத்து வருவார்கள்.