தொலைவும் அண்மையும்



இலக்கிய விழாவில் காமிராவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தாம்பரத்துக்கு அதிகத் தொலைவில்லாத தரமணியில், 1945இல் தொடங்கப்பட்டு இன்று எம்.ஜி.ஆர். பெயரால் விளங்கும் திரைப்படப் பயிற்சி நிறுவனம் உள்ளது. அடையாறு திரைப்படக் கல்லூரி என்றே முன்னர்ப் பலரும் அதனை வழங்கினர். ‘நாயகன்’ (1987) படத்துக்குத் தேசிய விருது பெற்ற ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்குப் பயின்றவர். ஒளிப்பதிவு கற்பவர் முதலில் பயிலவேண்டிய பாடங்களுள் ஒன்று, காணும் பொருளுக்கும் காண்பவனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பது. அது கவிஞர்க்கும் உரிய பாடமாகும்.

மாலை நேரத்தில் தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின்மேல் ஒரு காமிரா வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. தண்டவாளங்களும் மின்வண்டிகளும் வானமும் கலைந்து செல்லும் கூட்டமும் தெரிகின்றன. மனிதர் புள்ளிகளாய் நகர்கின்றனர். இது மிகச் சேய்மைக் காட்சி. அக்கூட்டத்திலிருந்து பூக்கூடையுடன் ஒரு பெண் பிரிந்து வருகிறாள். தலைமுதல் கால்வரை அவளும், அவளைச் சுற்றிச் சிறிது இடமும் தெரிந்தால் அது லாங் ஷாட் என்னும் சேய்மைக் காட்சி. இடுப்புக்கு மேல் காட்டினால் மிட் ஷாட் என்னும் இடைநிலைக் காட்சி. கூடையை மூடிய ஈரத்துணியும் அதனைப் பற்றிய கையும் அப்போது புலப்படும். முகம் மட்டும் திரையை நிறைத்தால் குளோசப் என்னும் அண்மைக் காட்சி. சில்லறை எண்ணும் விரல்நுனி மட்டும் தெரிந்தால் மிக அண்மைக் காட்சி. சட்டத்துக்குள் மனிதன் எவ்வளவு இடம் பெறுகிறான் என்பதே இங்கு அளவுகோல். காமிராவை நகர்த்தாமல் வில்லையை மாற்றியும் அண்மையை உண்டாக்கலாம்.

இவை ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்கு விடை தருகின்றன. எங்கே என்பதற்கு மிகச் சேய்மையும், யார் என்பதற்குச் சேய்மையும், என்ன செய்கிறாள் என்பதற்கு இடைநிலையும், என்ன உணர்கிறாள் என்பதற்கு அண்மையும் விடையாகின்றன. கோணமும் பொருள் தரும். கீழிருந்து நோக்கினால் எளியவனும் ஓங்கி நிற்பான். மேலிருந்து நோக்கினால் வலியவனும் சிறுத்துப்போவான். காலமும் உண்டு. சேய்மைக் காட்சியில் கண் தேடவேண்டியவை பல. ஆதலின் அது திரையில் சற்று நீண்டு நிற்கவேண்டும். முகமோ விரைவில் படித்தறியத்தக்கது.

தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் காமிரா நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் அமர்ந்தவரைப் போல நேரெதிரே அசையாது நின்றது. அதனை எழுப்பி நடக்கவிட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். ‘மீரா’ (1945) படத்துக்காக அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மேல் பல கோணங்களில் ஒளிபாய்ச்சிப் பார்த்தனர் என்பது அறிந்த செய்தி. ஒரு முகத்தை அணுகுமுன் இத்துணை ஆயத்தம் செய்தனர். அண்மை என்பது உழைத்துப் பெறவேண்டிய உரிமை என்பதற்கு இது தக்க சான்று.

அவ்வாறு பெற்ற அண்மையும் தனித்து நின்றால் பேசாது. ரஷ்ய இயக்குநர் குலெஷோவின் சோதனை இதனை விளக்கும். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை உணவுக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபோது, பார்த்தவர் அதே முகத்தில் பசியையும் துயரையும் வெவ்வேறாகக் கண்டனர் என்பர். முகத்தின் பொருள் அதனை அடுத்து வரும் காட்சியில் இருந்தது.

தமிழ்ப் புலவர்க்கு இது புதுமை ஆகாது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளாகிய மரமும் பறவையும் தொழிலும், உரிப்பொருளாகிய உணர்வும் என மூன்றை வகுத்த தொல்காப்பியர், அவை முறையே சிறந்து செல்வன என்றார். தொலைவிலிருந்து முகம் நோக்கி வரும் வழி அது. பண்டைத் தமிழர் காமிராவை அறிந்திருந்தனர் என்று பெருமைபேச இதனைப் பயன்படுத்த வேண்டியதில்லை. பார்வையின் ஒழுங்கை அறிந்திருந்தனர் என்பதே போதும். 13 முதல் 31 அடிவரை விரியும் அகநானூற்றில் நிலம் அகன்று நிற்கிறது. 4 முதல் 8 அடிக்குள் அடங்கும் குறுந்தொகையோ முகத்தருகே வந்து நிற்கிறது. எனினும் அச்சிற்றெல்லைக்குள்ளும் பூவையோ பறவையையோ கைவிடாத பாடல்களே அங்கு மிகுதி.

இவ்வொழுங்கு குலைந்தால் நேர்வது என்ன? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. மீனம்பாக்கத்து ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அந்நாட்களில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டவை பெரும்பாலும் இருவகைக் காட்சிகளே. ஒன்று, வானிலிருந்து எடுத்த பழுப்பு நீரும் கூரைகளும். அதில் மனிதர் இல்லை. மற்றொன்று, அழும் பெண்ணின் முகத்தருகே நீட்டிய காமிரா. அதில் நிலம் இல்லை.

விடுபட்டவை இரண்டு. மொட்டை மாடியில் ஒரே அடுப்பைச் சுற்றி நின்ற அண்டை வீட்டார், நனைந்த பாடநூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தும் சிறுவன் என, துன்பத்தினூடே மனிதர் செய்துகொண்டிருந்ததைக் காட்டும் இடைநிலைக் காட்சி ஒன்று. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து அடையாறு வரும் வழியையும், அவ்வழியருகே எழுந்த மனைப்பிரிவுகளையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, நீர் ஏன் இங்கு வந்தது என்று கண் தானே கேட்கும்வரை நிறுத்தப்படும் சேய்மைக் காட்சி மற்றொன்று. முகத்தை நீக்கிய நிலம் புள்ளிவிவரமாகிவிடுகிறது. நிலத்தை நீக்கிய முகமோ விதியின்மேல் பழியைப் போட்டு, பொறுப்புடையோரைத் தப்பவிட்டுவிடுகிறது.

காமிரா இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. சாலையில் விழுந்தவரின் முகத்தருகே கைப்பேசியை நீட்டுபவர் அண்மைக் காட்சியின் வடிவத்தை மட்டும் அறிந்தவர். அதன் உரிமையை அறியாதவர். கவிஞரும் இப்பிழைக்கு விலக்கில்லை. முதலடியிலேயே கண்ணீரைக் காட்டி இறுதியடிவரை அங்கேயே நிற்கும் கவிதைகள் பல. எழுதியதில் துயரம், வலி, ஏக்கம் என்ற சொற்களை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். ஓர் ஊரும் ஒரு பொழுதும் ஒரு தொழிலும் எஞ்சினால் கவிதை நிற்கும்; ஒன்றும் எஞ்சாவிடில், கவிஞர் எழுந்து பத்தடி பின்னால் சென்று மீண்டும் நோக்கவேண்டும்.

பூக்கூடையோடு படியிறங்கிய பெண் இந்நேரம் கடைத்தெருவைக் கடந்திருப்பாள். அவள் முகத்தை எழுதுமுன், எந்த ஊரிலிருந்து எந்த வண்டியில் வந்தாள், கூடையில் எவ்வளவு பூ விற்காமல் எஞ்சியது என்று பார்க்கப் பழகிய கவிஞர்களை இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகளில் பெறுவதாகுக.