விண்வெளித் துறைச் சொற்களைக் கண்டு தயங்க வேண்டாம்

(பிளஸ் டூ மாணவர்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவி கேட்டு ஒரு மாணவி தன் அத்தாவுடன் நம் அலுவலகத்திற்கு வந்தார். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். ஏரோஸ்பேஸ் படிக்க ஆசை என்றார். அத்தா என்னிடம், "அப்படின்னா என்ன பாய்? ஏரோநாட்டிக்கல்னும் சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் நமக்கு எதுக்கு, பக்கத்துல பி.காம். சேருங்க" என்று அனுப்பிவிட்டேன். பிள்ளையும் சேர்ந்துவிட்டார். பி.காம். நல்ல படிப்புதான். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. பொருள் தெரியாத ஒரு சொல்லுக்காக ஒரு கதவை நானே சாத்திவிட்டேன். அதன் பிறகுதான் இந்தச் சொற்களைத் தேடிப் படித்தேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஏரோநாட்டிக்கல் என்பது காற்று மண்டலத்துக்குள் பறப்பவற்றைப் பற்றிய படிப்பு. விமானம், ஹெலிகாப்டர் போன்றவை. ஏரோஸ்பேஸ் என்பது அதோடு ராக்கெட், செயற்கைக்கோள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது. ஏவியானிக்ஸ் என்று ஒன்று உண்டு. அது இவற்றுக்குள் இருக்கும் மின்னணுக் கருவிகளைப் பற்றியது.

அடுத்த சொல் அஜிமத். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. 'ஸம்த்' என்றால் அரபியில் திசை. அதன் பன்மை 'ஸுமூத்'. 'அஸ்ஸுமூத்' என்பதே ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் அஜிமத் ஆனது. வடக்கைச் சைபராக வைத்து, கடிகாரமுள் சுற்றும் பக்கமாக எண்ணும் டிகிரிக் கணக்கு அது. நம் தமிழ்நாட்டிலிருந்து கிப்லா ஏறத்தாழ 290 டிகிரி என்கிறோமே, அதுவும் அஜிமத்தான். ராக்கெட்டை எந்தத் திசையில் செலுத்துவது என்பதையும் இதே கணக்கில்தான் சொல்கிறார்கள்.

பூமியின் வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றுவது துருவச் சுற்றுப்பாதை. கீழே பூமி சுழல்வதால், அதில் போகும் செயற்கைக்கோள் சில நாட்களில் பூமி முழுவதையும் பார்த்துவிடும். இதற்கு ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வருகிறது. அதனால் கடல் பக்கமாகப் போய், பிறகு திரும்ப வேண்டும். திரும்பும்போது எரிபொருள் வீணாகிறது.

இங்கேதான் பேலோடு என்ற சொல் வருகிறது. லாரிக்கு லோடு போல, ராக்கெட் சுமந்து போகும் சரக்கு பேலோடு. எஸ்.எஸ்.எல்.வி. என்ற நம் சிறிய ராக்கெட்டின் எடை சுமார் 120 டன். அது 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் பேலோடு அதிகபட்சம் 500 கிலோ, அதாவது அரை டன்தான். திரும்புவதற்காக வீணாகும் எரிபொருள் இந்த அரை டன்னில்தான் கைவைக்கும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியதன் முக்கியக் காரணம் இதுவே. அங்கிருந்து தெற்கே திறந்த கடல்.

சுற்றுப்பாதை என்றதும், மேலே ஈர்ப்பு விசை இல்லாததால்தான் மிதக்கிறது என்று நினைக்கிறோம். அது தவறு. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் உண்டு. அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால், அது விழ விழ உருண்டையான பூமியும் கீழே வளைந்து விலகுகிறது. அதனால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறது.

கடைசியாக, எல்-1. சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றும் பொருள் பூமியைவிட வேகமாகச் சுற்றி முந்திப் போய்விடும். ஆனால் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியன் இருக்கும் பக்கம் ஓரிடம் உண்டு. அங்கே பூமி பின்னுக்கு இழுப்பதால் அந்தப் பொருள் பூமியோடு சேர்ந்தே வருடம் ஒரு சுற்று வரும். நடுவில் பூமி மறைக்காததால் அங்கிருந்து சூரியனை இடைவிடாமல் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6-இல் அந்த இடத்தைச் சுற்றும் பாதையை அடைந்தது. சுமந்து சென்ற கருவிகள் ஏழு.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் அவர் படித்தது மின்னணுவியல். 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஆகவே, ஏரோஸ்பேஸ் கிடைக்கவில்லையென்றால் வழி அடைபட்டது என்று நினைக்காதீர்கள். மின்னணுவியல், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் படித்தவர்களும் அங்கே தேவை. விண்வெளிக்கென்றே திருவனந்தபுரத்தில் ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் வழியாக அங்கே சேரலாம்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு புதிய சொல்லோடு வந்தால் "நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அதன் பொருளைக் கேளுங்கள். தெரியாவிட்டால் அலுவலகத்திற்கு அழைத்து வாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால், "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று இனிமேல் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.