தன்னோடு தானே பேசும் கணினி



திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில், பேருந்தின் ஜன்னலோரத்தில் சற்றே கண்ணயர்ந்தவர்கள் கவனியாமல் கடந்துவிடக்கூடிய ஊர் திருப்பாச்சூர். பாசு என்றால் மூங்கில். மூங்கிற்காட்டில் மாடு ஒன்று நாள்தோறும் பாலைச் சொரிந்து நின்ற இடத்தை வாசி என்னும் கருவியால் வெட்டிப் பார்த்தபோது இலிங்கம் வெளிப்பட்டது என்றும், அந்த வெட்டுத் தழும்பைத் தாங்கியிருப்பதாலேயே சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று திருநாமம் ஏற்பட்டது என்றும் தலபுராணம் சொல்லுகிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய அந்த ஊரைப் பற்றிப் பேச வந்தவன், கோயிலை விட்டுவிட்டு, வலைச்செயலி எழுதுகிறவர்கள் தம் சொந்தக் கணினிக்குள் அமைத்துக்கொள்ளும் பட்டறையைப் பற்றிப் பேசுவதென்றால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகலாம். ஆனால் என் கதையிலும் மாடு உண்டு, பால் உண்டு. தழும்பும் ஒன்று உண்டு.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த வருஷம் பிளஸ் டூ படித்து மடிக்கணினி பெற்ற பிள்ளைகளில் எனக்குத் தெரிந்த திருப்பாச்சூர்ப் பையன் ஒருவனும் அடக்கம். தகப்பனாருக்குக் காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. தாயார் இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். வீட்டில் இணைய இணைப்புக் கிடையாது. போதாக்குறைக்கு, சென்னையைத் தாண்டிவிட்டால் மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று யாரும் சோதிடம் சொல்ல முடியாத காலம் அது. அம்மாவின் பால் கணக்கை ஒரு வலைப்பக்கமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இத்தனைக்கும் நடுவில் அவனுக்குப் பிறந்தது.

இணையமே இல்லாத வீட்டில் இணையத்துக்கான செயலியை எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்பது நியாயமே. வலைத்தளம் என்பது நாம் ஒன்றைக் கேட்க, தொலைவிலுள்ள ஒரு சர்வர் அதைக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு. சர்வர் என்றதும் தோளில் துண்டோடு இட்லி கொண்டுவருபவர் நினைவுக்கு வந்தால் பிசகில்லை. உவமை முற்றும் பொருந்துகிறது. கேட்பவர் வாடிக்கையாளர், கேட்டதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்புபவர் அப்பாச்சி என்னும் சர்வர், அடுப்படியில் நிற்பது பிஎச்பி என்னும் மொழி, அரிசி மூட்டையிலிருந்து கடுகு டப்பா வரையில் எது எங்கே இருக்கிறதென்று வைத்துக் காப்பது மைசீக்வல் என்னும் தரவுத்தளம். வாடிக்கையாளர் நீங்கலான மூவரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, வேண்டுவோர் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி, 2002-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கை ஸைட்லர் முதலானோர் வெளியிட்ட தொகுப்புக்குத்தான் ஸாம்ப் என்று பெயர். அதைக் கணினியில் நிறுவிவிட்டால் சமைப்பவர், பரிமாறுபவர், உண்பவர் மூவரும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். வெளியுலகத்தின் தயவு வேண்டியதில்லை.

பையன் அதைத் திருவள்ளூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தான். நிறுவினான். பொத்தானை அழுத்தினான். மைசீக்வல் பச்சை காட்டியது, அப்பாச்சி எழுந்திருக்கவில்லை. அரைநாள் தேடியபிறகு, அப்பாச்சி உட்காரவேண்டிய 80-ஆம் எண் வாசலில், தொலைவில் இருப்பவர்களோடு பேசுவதற்கான வேறொரு மென்பொருள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கக் கண்டான். அதை அப்புறப்படுத்த மனமில்லாமல் அப்பாச்சிக்கு 8080 என்ற வேறு வாசலைக் காட்டிவிட்டான். பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடிக்கும் தேசத்துப் பிள்ளைக்கு இது விளங்க வெகுநேரம் ஆகவில்லை.

இப்படித் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சர்வரை அழைக்க ஒரு விலாசம் உண்டு. லோக்கல்ஹோஸ்ட் என்று பெயர். எண்ணில் சொன்னால் 127.0.0.1. உலகத்தின் எந்தக் கணினியிலும் இந்த விலாசத்துக்கு 'நானே' என்றுதான் அர்த்தம். 127 என்று தொடங்கும் விலாசங்கள் மொத்தம் 1,67,77,216. அத்தனையையும், கணினி தன்னோடு தானே சம்பாஷித்துக்கொள்வதற்கென்றே இணையத்தை வகுத்தவர்கள் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். விலாசப் பஞ்சம் வந்த பிற்காலத்தில் இது ஊதாரித்தனமாகத் தோன்றியதுண்டு. என் அபிப்பிராயத்தில், தன்னோடு பேசிக்கொள்ள அவ்வளவு இடம் ஒதுக்கிய தாராளம் பாராட்டத்தக்கதே.

தழும்பு என்றேனே, அதற்கு வருகிறேன். பால் கணக்கில் தேதி, பெயர், ஊர், லிட்டர் என்று நான்கு பத்திகள். எ-கலப்பையைக் கொண்டு தமிழில் தட்டச்சு செய்து, முப்பது வரிசைகளைத் தரவுத்தளத்தின் மேலாண்மைப் பக்கத்தில் ஏற்றினான். மறுபடி திறந்தால் லிட்டர் சரியாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. ஊர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தால் பதினான்கு. திருப்பாச்சூர் என்பது நமக்கு ஏழெழுத்து. ஆனால் யூனிக்கோடு முறையில் தகரமும் அதன் மேல்விலங்கும், பகரமும் அதன் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் அது பதினான்காகி, ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக 42 பைட்டுகளைப் பிடிக்கிறது. மைசீக்வலோ ஸ்வீடன் தேசத்தில் பிறந்தது; 2018-இல் எட்டாம் பதிப்பு வரும்வரையில், யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால், எழுத்துகளை லத்தீன் என்றும் அகர வரிசையை ஸ்வீடிஷ் என்றும் தானாகவே வைத்துக்கொள்ளும். லத்தீன் பெட்டியில் இடமில்லாத ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் முறையிடாமல், வேலை முடிந்ததென்று அது சாந்தமாகச் சொல்லியிருந்தது.

அட்டவணையை யுடிஎப்-8 என்று மாற்றிவிட்டால் இனி வருவது சரியாகும். ஆனால் முன்பே கேள்விக்குறியானது மறுபடியும் எழுத்தாகாது. முப்பது வரிசைகளையும் அவன் திரும்பத் தட்டினான். வீட்டு மேஜையில் ஒரு சாயங்காலம் போயிற்று, அவ்வளவுதான். இதுவே சொசைட்டியின் மூன்று வருஷப் பேரேடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! 2012-இல்தான் கணியம் என்ற மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்க முற்பட்டது. மைசீக்வலைப் பற்றி எளிய தமிழில் து. நித்யா எழுதிய நூலும் அவ்வழியே கிடைத்தது. சற்று முந்தி வந்திருந்தால் ஒரு சாயங்காலம் மிஞ்சியிருக்கும்.

சொந்தப் பட்டறைக்கு ஒரு தோஷமும் உண்டு: அது நம்மைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கும். விண்டோஸில் பால் படத்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்துச் சேமித்துவிட்டுச் சிறிய எழுத்தில் அழைத்தாலும் வந்து நிற்கும். வெளியுலகச் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகிறவை. அங்கே பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. நல்லவேளையாக, அரசு கொடுத்த அந்த மடிக்கணினியிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அதிலும் ஓட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுகொண்டான். வெளியிலிருக்கும் சூழலை அப்படியே பெட்டியில் அடைத்து வீட்டுக்குள் கொண்டுவரும் டாக்கர் என்னும் சௌகரியம் 2013-இல்தான் வந்தது.

எல்லாம் ஓடிய தினத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தன் தாய்மாமனுக்கு அந்த விலாசத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினான். மாமன் ஷிப்ட் முடிந்து பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து, லோக்கல்ஹோஸ்ட் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அந்தக் கடைக் கணினி தன்னையே தேடிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கைவிரித்தது.

"ஏன்டா, ஊர் பூரா காட்டற மாதிரி எழுதினேன்னு சொன்னே?"

"இல்ல மாமா, அது என் பெட்டியில மட்டும்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மின்சாரம் போயிருந்தது, பேட்டரியில் பாதி மிச்சமிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் வாங்கிக்கொண்டு, அக்காளின் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் இரண்டுமுறை படித்தார். பிறகு லிட்டர் பத்தியில் விரலை வைத்தார்.

"காலைப் பால் இருக்குது. சாயங்காலப் பால் எங்கடா?"

மாடு இருவேளையும் கறக்கும் என்பதைப் பையன் மறந்துபோயிருந்தான். பேட்டரி தீருவதற்குள் இன்னொரு பத்தி சேர்த்துவிடலாம் என்று கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.