வேகமான பழைய கார் வாங்க நினைக்கும் தம்பிமார்களுக்கு

(நமது அறக்கட்டளையின் இளைஞர் வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டம் முடிந்ததும் நான்கைந்து பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மேல்படிப்பு, வேலைவாய்ப்பு பற்றியெல்லாம் சொல்லிவிட்டீர்கள். செகண்ட் ஹேண்டில் நல்ல பிக்கப் உள்ள கார் எது வாங்கலாம் என்று யாருமே சொல்வதில்லையே" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நானே ஒருமுறை பெரிய அடி வாங்கியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு நான் ஒரு கார் கன்சல்டிங்கில் வண்டி பார்க்கப் போனேன். பளபளவென்று ஒரு டீசல் கார். விலை சந்தையைவிட 60 ஆயிரம் குறைவு. என் மகள் பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "அத்தா, இதிலே ஏன் மண் வாசம் அடிக்குது?" என்று கேட்டாள். "சும்மா இரும்மா" என்று அதட்டிவிட்டேன். விலை குறைவு என்ற ஒன்றே என் கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதம் விளக்குகள் தானாக எரிந்தன, அணைந்தன. அப்புறம் நடுரோட்டில் நின்றது. ஒர்க் ஷாப்பில் தரைவிரிப்பைத் தூக்கியதும் உள்ளே காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. விற்றவர் கையை விரித்துவிட்டார். அந்தப் பணம் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஒதுக்கி வைத்தது. மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் அந்த ஆண்டு ஃபீஸ் கட்டினேன். ஒரு புரோக்கர் வந்து, "பாய், நல்லா காயவச்சு, பாலிஷ் போட்டு, வேற ஊர்ல தள்ளிவிட்டுறலாம்" என்றார். எனக்கு வந்த அடியை இன்னொரு குடும்பத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லி, பழைய இரும்பு விலைக்கே கொடுத்தேன்.

ஆகவே, கார் ஆசையே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. ஆசைப்படுங்கள், கண்ணைத் திறந்துகொண்டு ஆசைப்படுங்கள்.

முதலில் 'வேகமான கார்' என்றால் என்ன என்று பார்ப்போம். பலரும் எஞ்சின் பெரிதா, டர்போ இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எடையை யாரும் பார்ப்பதில்லை. பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவுக்கு ஏறத்தாழ 100 குதிரைத்திறன்; எடை 1,600 கிலோவுக்கு மேல். ஒரு குதிரை பதினாறு கிலோவை இழுக்கிறது. 2018இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 83 குதிரைத்திறன்தான். ஆனால் எடை 900 கிலோவுக்கும் குறைவு. ஒரு குதிரைக்குப் பத்தரை கிலோ. அதனால்தான் சின்ன வண்டி துள்ளிக்கொண்டு போகிறது. எடை குறைந்தால் டயர், பிரேக், கிளட்ச் எல்லாமே குறைவாகத் தேயும். செலவும் குறையும். சம்பளத்துக்குள் வாழ்கிற பிள்ளைக்கு லேசான பெட்ரோல் வண்டி, கையால் போடும் கியர், டர்போ இல்லாத எஞ்சின் போதும்.

இப்போது நம் பிள்ளைகள் கேட்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். ஓட்ட மிகவும் உற்சாகமானது. பானட்டைத் திறந்தால் கைவிட்டு வேலை பார்க்க இடம் இருக்கும். ஆனால் அதில் இருப்பது டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்த 1.2 லிட்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். முதன்முதலாகச் சொந்தமாக வேலை பழக நினைப்பவருக்கு நான் சொல்வது இந்த 1.2 பெட்ரோல் ஸ்விஃப்ட்தான். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், அதைத் தெரிந்த மெக்கானிக்கும் எந்தத் தெருவிலும் இருப்பார்.

ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல், நம் மறைமலை நகரில் செய்த வண்டி. 100 குதிரைத்திறன் உண்டு. வளைவுகளில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். விலையும் மலிவு. ஆனால் 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. வாங்கும் முன் ஹெட் லைட், பம்பர், கதவுக் கண்ணாடி போன்ற பாடி சாமான்கள் உங்கள் ஊரில் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

மாருதி பலேனோ ஆர்.எஸ்., 2017இல் வந்தது. 1 லிட்டர் டர்போ, 100 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கையால் போடும் கியர். கொஞ்சம் பழகியவர்களுக்கு நல்ல வண்டி. ஆனால் விற்றது குறைவு. நல்லதாகக் கிடைக்கப் பொறுமை வேண்டும்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. எல்லாரும் ஆசைப்படுகிற வண்டி. 1.2 லிட்டர் டர்போ, இரட்டைக் கிளட்ச் உள்ள ஏழு கியர் ஆட்டோமேட்டிக். ஓட்டினால் இறங்க மனம் வராது. ஆனால் அந்த கியர் பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்ற பாகம் கெட்டுப்போனால் வீட்டு வாசலில் ஸ்பானரோடு உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. செலவு லட்சத்தைத் தொடும். சொந்தமாகப் பராமரிக்கத்தான் வாங்குகிறேன் என்பவர் இதை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பணம். உங்களிடம் நான்கு லட்சம் இருக்கிறதா? மூன்று லட்சத்துக்கு வண்டி பாருங்கள். நான்கில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். பழைய வண்டி வாங்கிய முதல் ஆண்டில் டயர், பேட்டரி, கிளட்ச், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று அந்தப் பங்கு போகும். இருப்பதையெல்லாம் வண்டிக்கே கொடுத்துவிட்டால், பிரேக் பேட் மாற்றக் காசில்லாமல் வேகமான வண்டியை ஓட்டுவீர்கள். அதைவிட ஆபத்து வேறில்லை. ஆசைக்காக வட்டிக்கு வாங்காதீர்கள் என்பதை இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் போங்கள், மழை இல்லாத நாளில் போங்கள். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த எஞ்சினில்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலண்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால்கோவா போல ஒட்டியிருந்தால், அது ஈரமா கூலண்டா என்று மெக்கானிக் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துரு பிடித்திருக்கின்றனவா, தரைவிரிப்புக்குக் கீழே ஈர வாசம் வருகிறதா பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கட்டை நன்றாக இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான். ஒரு கதவின் நிறம் மற்றதைவிடக் கொஞ்சம் வேறாக இருந்தால் பட்டி பார்த்து டிங்கரிங் செய்திருப்பார்கள். எங்கே அடிபட்டது என்று கேளுங்கள்.

அப்புறம் காகிதம். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வேண்டும். விற்பனைக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள். விற்பவருக்கும் இது முக்கியம். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் விற்ற வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈடு கேட்டு உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பழைய இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டெல்லியிலிருந்து மலிவாக வண்டி வருகிறது என்பார்கள். அங்கே பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும். அதேபோல் 15 ஆண்டு முடிந்த காருக்கு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது.

இனி, சொந்தமாக வேலை பார்ப்பது. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி, வைப்பர், கூலண்ட் இவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். பிரேக் பேட் மாற்றுவதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு முறை சொல்லித்தந்த பிறகு செய்யுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ஏர் பேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் இவற்றில் கை வைக்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்; கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி சறுக்கும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகே உள்ளே போங்கள். அந்த ஸ்டாண்ட் இரண்டின் விலை ஒரு நல்ல செருப்பு விலைதான்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க எவ்வளவு தூரம் பிடிக்குமோ, 80இல் அதைப்போல் நான்கு மடங்கு பிடிக்கும். இரண்டு மடங்கு என்றுதான் நம் மனம் கணக்குப் போடுகிறது. அந்த மீதித் தூரத்தில்தான் ஒரு சைக்கிள்காரரும் ஒரு பள்ளிப் பிள்ளையும் இருப்பார்கள். வேகம் பார்க்க ஆசையா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் அதற்கென்றே ஓடுதளங்கள் இருக்கின்றன. நெடுஞ்சாலை அதற்கான இடம் இல்லை. சைலென்சரை மாற்றுவது, உருவத்தை மாற்றுவது இவையும் வேண்டாம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்களும் அதைக் காரணம் காட்டிக் கையை விரிப்பார்கள்.

கடைசியாக வீட்டுக் கதை ஒன்று. என் மகனுக்கு 24 வயது. வேலைக்குப் போய் நான்கு லட்சம் சேர்த்துவிட்டு, "அத்தா, போலோ வாங்கட்டுமா?" என்று கேட்டான். முன்பாக இருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இந்த முறை, "வா, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். ஐந்து வாரம், ஏழு வண்டி. எட்டாவதாக 2013 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். விற்றவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பாதி சம்மதித்துவிட்டேன். விலை 3 லட்சத்து 10 ஆயிரம். டயர், கிளட்ச், பிரேக் பேட், ஆயில் என்று 52 ஆயிரம் போனது. மீதி அவன் கையிலேயே இருக்கிறது.

அன்றைக்கு வண்டி பார்க்க மகளும் வந்திருந்தாள். மருமகன் வீட்டிலிருந்து வந்தவள், யாரும் சொல்லாமலே பின் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, மோந்து பார்த்தாள். "மண் வாசம் இல்லத்தா" என்றாள். இந்த முறை நான் அதட்டவில்லை. அவளிடம் பதினைந்து வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்தேன். "சரிம்மா" என்று மட்டும்தான் வந்தது.

தாய் தகப்பன்மார்களே, பிள்ளைகள் கார் என்று பேச்செடுத்தால் விரட்டாதீர்கள். கூடப் போங்கள். தம்பிமார்களே, வண்டி பார்க்கப் போகும்போது வீட்டில் ஒருவரையாவது அழைத்துப் போங்கள்; அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது குறையை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள்.

உங்கள் பயணங்கள் எல்லாம் நலமாக அமைய துஆ செய்கிறேன். வஸ்ஸலாம்.