கைவைத்தியமும் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவில் தேறி வெளியே போனவன். தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை. "நாள்பட்ட வலிக்கு இயற்கை வைத்தியம்" என்ற தலைப்பில் பேசச் சொல்லிச் சங்கச் செயலாளர் கேட்டபோது, "சார், நான் டாக்டர் இல்லையே" என்றேன். "டாக்டர் பேசினா நம்ம ஆளுங்க தூங்கிடுவாங்க, வலியோட இருக்கிற ஒருத்தர் பேசினா கேப்பாங்க" என்றார். எனக்கு ஒன்பது வருடமாக முதுகுத்தண்டில் அழற்சி வாதம். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர், ஆனால் இடுப்பில் சுலபமாக நுழைந்துவிட்டது. ஆகவே ஒரு நோயாளியாகவும், எதையும் அளந்து பார்க்கிற எஞ்சினியராகவும் சில செய்திகளைச் சொல்கிறேன்.

கைவைத்தியத்தைக் கேலி செய்ய நான் மேடை ஏறவில்லை. இன்றைய மருந்துகள் சிலவற்றுக்குப் பூர்வீகமே செடியும் மரமும்தான். வில்லோ மரப்பட்டையை வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். 1828-இல் அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அந்த வழியிலேயே போய், 1897-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் தயாரித்ததுதான் ஆஸ்பிரின். அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் விளக்கியது 1971-இல். பட்டையைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு விடை தெரியாது, ஆனால் வலி குறைந்தது தெரியும்.

நம்ம சமையலறை மிளகாயும் அப்படியே. அதன் காரத்துக்குக் காரணமான காப்சைசின், நரம்பு முனையில் எந்த வாசல் வழியாக வேலை செய்கிறது என்று 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூட்டு வலிக்கு மேலே தடவும் காப்சைசின் களிம்புகள் இன்று மருந்துக் கடையில் கிடைக்கின்றன. முதலில் எரியும், தொடர்ந்து தடவினால் அந்த நரம்பு முனை மரத்துப்போய் வலிச் செய்தி அனுப்புவது குறையும். தடவிய கையோடு கண்ணைக் கசக்காதீர்கள், அவ்வளவுதான்!

மஞ்சளுக்கு வருவோம். காயம் ஆற்றும் குணத்துக்காக 1995-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நமது சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம், இது எங்கள் நாட்டில் காலங்காலமாகத் தெரிந்த சங்கதி என்று ஆதாரத்தோடு வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு.

கணக்கு இதுதான். மஞ்சள் பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டிப் பொடி 3 கிராம் என்று வைத்தால், குர்குமின் 90 மில்லிகிராம். 2014-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாரம் நான்கு வாரம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன். வலி குறைந்தது இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வயிற்றுத் தொந்தரவு மஞ்சள் பிரிவில் குறைவு. நல்ல சேதி. ஆனால் அந்த அளவை வெறும் பொடியில் எட்ட வேண்டுமானால் தினம் பத்துக் கரண்டிக்கு மேல் விழுங்க வேண்டும். இரவில் அம்மா தரும் மஞ்சள் பால் தொண்டைக்கும் மனசுக்கும் இதம். மூட்டு மருந்து என்று அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

இன்னொன்று. மஞ்சளை உடம்பு சுலபத்தில் உள்ளே விடுவதில்லை. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு, மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் மனிதர்களிடம் ரத்தத்தில் சேரும் குர்குமின் சுமார் 20 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. உடனே மாத்திரைக் கம்பெனிகள் இரண்டையும் சேர்த்து அடைத்து விற்க ஆரம்பித்தன. அண்மை ஆண்டுகளில் இத்தகைய மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பிரஷர் ஏற்றினால் குழாயையும் பார்க்க வேண்டும் என்பது நமக்குப் புதிதா? சாம்பார், ரசத்தில் போடும் அளவுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த வைத்தியம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வலி என்று கேட்க வேண்டும். மிஷினில் சத்தம் வந்தால் உடனே கிரீஸ் அடிப்போமா? பேரிங்கா, அலைன்மென்ட்டா, ஃபவுண்டேஷனா என்று பார்ப்போம். முதுகு வலியும் அப்படித்தான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வருகிற வலி ஓய்வெடுத்தால் குறையும். அழற்சியால் வருகிற வலி ஓய்வில் கூடும், நடந்தால் குறையும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். காலையில் அரை மணிக்கு மேல் முதுகு மரக்கட்டையாக இருக்கும். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் மெல்ல ஆரம்பித்து, மூன்று மாதம் தாண்டியும் போகாது. இந்த அடையாளங்கள் உங்களிடம் இருந்தால், தைலத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். கை விரல் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்துக்கும் இதே பேச்சுதான். நாள் கடத்தினால் மூட்டு அரித்துவிடும், அரித்த மூட்டை எந்தக் கஷாயமும் திருப்பித் தராது. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, வலியோடு காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

என் பெரியப்பா கதையைச் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கு யாரோ ஒருவரிடம் "சுத்தமான மூலிகைப் பொடி" வாங்கினார். பொட்டலத்தில் லேபிளும் இல்லை, பெயரும் இல்லை. பத்தே நாளில் மாடிப்படி ஏறினார். ஊரே அசந்துபோய் ஆளாளுக்கு வாங்கியது. ஆறு மாதத்தில் அவர் முகம் வட்டமாக உப்பியது, இல்லாத சர்க்கரை வந்தது. பயந்துபோய்ப் பொடியைச் சட்டென்று நிறுத்தினார். நான்காம் நாள் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்ட மருத்துவர், அதற்குரிய சிகிச்சை கொடுத்துப் பல வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அவரை மீட்டார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் நம் உடம்பு தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய்விடும். இது நம் ஊருக்கு மட்டும் உரிய கூத்தும் இல்லை. 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இயற்கை மூட்டு மருந்து என்று விற்ற சரக்கில் டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் இருந்ததைக் கண்டு எச்சரித்தது. பத்து நாளில் அதிசயம் நடந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள்.

சரி, அப்படின்னா வீட்டில் என்னதான் செய்யறது? நிறையவே செய்யலாம். இறுக்கத்துக்கு நொச்சி இலை போட்ட வெந்நீர் ஒத்தடம் சுகம். அடிபட்ட புது வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டு ஒத்தடத்தில் ஜாக்கிரதை, வெந்தாலும் தெரியாது. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள், கீரைதானே! ஆனால் மருந்து என்று நிரூபிக்கும் அளவுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் அதற்கு இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி, கானாங்கெளுத்தி நல்லது. அவற்றின் ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைச் சற்றுத் தணிக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இயற்கை மருந்து இரண்டு, அவற்றைக் கடையில் விற்பதில்லை. ஒன்று, எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, உடற்பயிற்சி. என் மருத்துவர் மருந்துச் சீட்டில் மாத்திரைக்குக் கீழே நீச்சல் என்றும் எழுதினார். மாத்திரையும் நிறுத்தவில்லை, நீச்சலும் நிறுத்தவில்லை. இன்று உங்கள் முன்னால் நிமிர்ந்து நிற்க முடிகிறதென்றால் இரண்டும் சேர்ந்துதான்.

ஆக, யாராவது ஒரு வைத்தியம் சொன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த வலிக்கு? எவ்வளவு அளவு? எத்தனை நாள்? ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்போகுமா? ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மஞ்சள், இஞ்சி, மீன் எண்ணெய் மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. நீங்கள் என்ன கைவைத்தியம் செய்கிறீர்கள் என்பதை அவரிடம் மறைக்கவும் கூடாது. இதே கேள்விகளைக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைக்கும் கேளுங்கள். மாதக்கணக்கில் தன்னிச்சையாக விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும்.

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. படித்துப் பாருங்கள், அதில் பெரும்பகுதி அளவைப் பற்றித்தான். நம் பாட்டிமாரும் ஒரு சிட்டிகை, ஒரு கரண்டி, ஒரு மண்டலம் என்று அளந்துதான் கொடுத்தார்கள். அளவை மறந்துவிட்டு "இயற்கை" என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது நாம்தான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இருபது வயதில் வருகிற முதுகு வலியை "ஹாஸ்டல் கட்டில் சரியில்லை" என்று மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். கட்டில் சரியில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கட்டிலை மாற்றலாம், முதுகெலும்பை மாற்ற முடியாது.