மாத்திரை வாங்கினார்கள், விழுங்கினார்களா?



கும்பகோணம் என்றால் ஊருக்கெல்லாம் வெற்றிலையும் டிகிரி காபியும் நினைவுக்கு வரும். எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்கு யானைக்கால் நோய்தான் நினைவுக்கு வரும். சாக்கடைத் தேக்கத்தில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் நோய் அது. 2004-இல் நாடு தழுவிய திட்டமாகி, நோய் இருப்பவர், இல்லாதவர் என்று பாராமல் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரை கொடுத்தோம். குறைந்தது 65 சதவீத மக்கள், ஐந்து ஆண்டுகளாவது விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொடுத்தால் போதாது, விழுங்க வேண்டும்.

ஒரு கிராமத்தில் பதிவேட்டைப் பார்த்தேன். தெரு முழுக்க டிக் விழுந்திருந்தது. தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் போனால், புளிப்பானைக்குப் பக்கத்தில் நாலு பேருக்கான மாத்திரை, காகிதத்தில் மடித்தபடி அப்படியே இருக்கிறது.

"ஏம்மா போடலை?"

"வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நீங்கதான சொல்றீங்க? விடியக்காலம் நீராகாரத்தைக் குடிச்சிட்டு நடவுக்கு ஓடுறோம். நீங்க வர்ற நேரம் வயல்ல நிக்கிறோம். போன வருசம் போட்டு ரெண்டு நாள் காய்ச்சல் தம்பி. அந்தக் கூலிய யாரு குடுப்பா?"

ரத்தத்தில் இருக்கும் இந்நோயின் நுண்புழு சாகும்போது சிலருக்குக் காய்ச்சல் வரும். மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் இரண்டு நாள் கூலி வந்துவிடாது. கால் வீங்காத ஒருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோய் வராமலிருக்கத் தன் கூலியை இழக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இதே தயக்கத்தைத் தடுப்பூசியிலும் பார்த்தோம். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியதே, நினைவிருக்கும். அறிமுகமில்லாத நம் குரலைவிட, அத்தையும் சித்தியும் அனுப்பிய செய்தியை நம்பியதற்காகத் தாய்மாரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை மீதுள்ள பயம் அது. பட்டம் பெறும் மருத்துவச் செல்வங்களே, தயவுசெய்து 'அறியாமை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

புளிப்பானைக்குப் பக்கத்தில் மாத்திரையைப் பார்த்த அன்றிரவு, சோறு உண்டு முடித்த நேரத்தில், அதே வீட்டுக்கு மீண்டும் போனோம். கையில் மாத்திரையை வாங்கிய அந்த அம்மா என்னைக் கேட்டார்: "நீ போட்டியா தம்பி?"

நான் போட்டிருக்கவில்லை. அவர் கொடுத்த செம்புத் தண்ணீரில், அந்தத் திண்ணையில் உட்கார்ந்தே என் பங்கு மூன்று மாத்திரைகளையும் விழுங்கினேன். பிறகு அவரும் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார்.